பதினோராம் வகுப்புக்கு ஒரு வாசல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கு மூலையில் ஆறு மாநிலங்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்து நியூ இங்கிலாந்து என்று அழைப்பர். ஆங்கிலேயர் அங்கே குடியேறிய 17ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கல்விக்கூடம் அமைப்பதில் அம்மக்களுக்குத் தணியாத வேட்கை இருந்து வந்திருக்கிறது. ஹார்வர்டு 1636இல் தோன்றியது. அமெரிக்க விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1778இல், சாமுவேல் பிலிப்ஸ் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆண்டோவரில் ஒரு பள்ளிக்கூடத்தை நிறுவினார். மூன்றாண்டுகள் கழிந்து, 1781இல், அவருடைய சிறிய தந்தையார் ஜான் பிலிப்ஸ், நம் வழக்கில் சொன்னால் சாச்சா, அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸெட்டர் என்னும் ஊரில் மற்றொன்றை நிறுவினார். சாச்சாவின் பள்ளிக்கூடமும் மகனின் பள்ளிக்கூடமும் இன்றுவரை விளையாட்டுத் திடலில் பரம வைரிகள்!

பள்ளி என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிவாசல்தான். ஆகவே இக்கட்டுரை நெடுகிலும் பள்ளிக்கூடம் என்றே எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வகைப் பள்ளிக்கூடங்களில் மாணவர் விடுதியிலேயே தங்கிப் படிக்கின்றனர். அமெரிக்காவில் உயர்நிலைப் படிப்பு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்காண்டுகள். பெரும்பாலோர் ஒன்பதாம் வகுப்பில் நுழைகின்றனர். பத்தாம் வகுப்பில் ஓரளவினர் சேர்கின்றனர். பதினோராம் வகுப்பிலோ, இடையில் விலகியவர் விட்டுச் சென்ற இடங்களும் நிர்வாகம் வேண்டுமென்றே ஒதுக்கி வைத்த ஒருசில இடங்களும் மட்டுமே மிஞ்சும். அந்தச் சில இடங்களுக்குத்தான் என் பேத்தி 2024ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் விண்ணப்பிக்கத் துணிந்தாள். அவளும் அவள் உம்மாவாகிய என் மகளும் பள்ளிக்கூடங்களைக் காணப் புறப்பட்டபோது, பாஸ்டன் அருகே அவர்கள் இல்லத்தில் விருந்தாளியாயிருந்த நானும் உடன் சென்றேன். நம் சமுதாயப் பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டில் வளர்கின்றனர். வளைகுடா நாடுகளில் பணிபுரியும் சிலரும் பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என விசாரிக்கின்றனர். ஆகவே நான் கண்டதையும் கேட்டறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாஸ்டனின் வடக்கு ரயில் நிலையத்திலிருந்து மெய்ன் மாநிலத்தை நோக்கி 'டவுன்ஈஸ்டர்' என்னும் ரயில் புறப்படுகிறது. மெரிமாக் ஆற்றைக் கடந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றால் எக்ஸெட்டர். அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்கள் மருதாணி இட்ட கைபோலச் சிவந்து நின்றன. நிலையத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். மதில் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது. ஊர் எங்கே முடிகிறது, பள்ளிக்கூடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல இயலாதபடி இரண்டும் கலந்து கிடக்கின்றன. "வேலி இல்லாத இடத்திலா பிள்ளையை விடுவது?" என்று என் மகள் முணுமுணுத்தாள். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் பயிலும் இடம் அது.

எங்களுக்கு வழிகாட்டிய மாணவி பதினேழு வயதினள். அவள் முதலில் ஒரு வகுப்பறைக்குள் அழைத்துச் சென்றாள். கரும்பலகையை நோக்கிய வரிசைகள் அங்கே இல்லை. அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நீள்வட்ட மேசை ஒன்று. அதைச் சுற்றி ஏறத்தாழப் பன்னிரண்டு மாணவருக்கும் ஓர் ஆசிரியருக்கும் இருக்கைகள். எட்வர்டு ஹார்க்னெஸ் என்னும் செல்வர் 1930இல் வழங்கிய பெருங்கொடையால் வந்த முறை இது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்வது என்பது இங்கே இல்லை. முதல் நாள் இரவே பாடத்தைப் படித்துவிட்டு வந்து, மறுநாள் மேசையைச் சுற்றி அமர்ந்து மாணவரே வாதிட வேண்டும். கணக்குப் பாடமும் அவ்வாறே நடக்கிறதாம். பேசாமல் இருப்பவர் மறைந்துகொள்ள அந்த மேசையில் ஒரு மூலைகூட இல்லை என்பதைக் கவனித்தேன். 'வாய் பேசாத பிள்ளை நல்ல பிள்ளை' என்று சொல்லி வளர்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், முதல் சில மாதங்கள் இங்கே திண்டாடிப் போவார்கள் என்றே தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் வந்தவருக்கு அதைப் பழகிக்கொள்ள இரண்டாண்டுகள் கிடைத்திருக்கும். பதினோராம் வகுப்பில் வருபவர் முதல் நாளே, ஏற்கனவே பழகிவிட்டவர்களுக்கு நடுவில் அமர வேண்டும்.

அடுத்து நூலகம். வாசகர்களே, இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதப்போகிறேன். வெளியிலிருந்து பார்க்கும்போது அது செங்கல்லால் எழுப்பிய ஒரு பெரிய சதுரம். சன்னல்களைச் சுற்றித் தேக்குப் பலகைகள். உள்ளே நுழைந்து படியேறினால் கூரைவரை திறந்து கிடக்கும் ஒரு நடுக்கூடம். அதன் நான்கு சுவர்களிலும் பிரம்மாண்டமான வட்டத் திறப்புகள்; அவ்வட்டங்களின் ஊடாக ஒவ்வொரு மாடியிலும் புத்தக அடுக்குகள் தெரிகின்றன. மேலிருந்து வெளிச்சம் மட்டும் இறங்கி வருகிறது. படிப்பவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓரத்துச் சன்னலடிக்கு நடக்க வேண்டும். அங்கே ஒவ்வொருவருக்கும் மரத்தால் ஒரு சிறு மேசை, தன் கைக்கெட்டும் ஒரு சிறு சன்னல். இதை வடிவமைத்தவர் லூயி கான். 1970களின் தொடக்கத்தில் கட்டி முடிந்தது. உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கான நூலகங்களுள் உலகிலேயே பெரியதென இதைச் சொல்கின்றனர்.

இந்த லூயி கான் யார்? டாக்காவில் உள்ள வங்கதேச நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த அதே மேதைதான். அங்கும் சுவர்களில் இதே பெருவட்டங்களைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அக்கட்டடத்தோடு இணைந்த தொழுகைக் கூடத்தை மட்டும் கிப்லாவை நோக்கியிருக்க வேண்டும் என்பதற்காகச் சற்றே திருப்பி வைத்தார். அகமதாபாத் மேலாண்மைக் கழகமும் அவர் வடித்ததே. 1974இல் அகமதாபாத்திலிருந்து திரும்பிய வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் அவர் உயிர் பிரிந்தது. டாக்கா கட்டடம் 1982இல் முழுமை பெற்றதைக் காண அவர் இல்லை. யூதக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் முஸ்லிம்களின் தொழுகைக் கூடத்துக்கு அத்துணை அக்கறை காட்டியிருக்கிறாரே என்று வியந்தபடி நான் அண்ணாந்து நின்றேன். பேத்தியோ சன்னலடி மேசையில் உட்கார்ந்து பார்த்து, எழுந்திருக்க மனமில்லாமல் இருந்தாள். அவள் உம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதியில் வந்து சேர்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஆபிரகாம் லிங்கனின் மகன் ராபர்ட் 1859இல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் படுதோல்வி அடைந்தார். பதினாறு பாடங்களில் பதினைந்தில் தேறவில்லை என்பர். அவரை எக்ஸெட்டருக்கு அனுப்பினார்கள். ஓராண்டு அங்கே பயின்று 1860இல் ஹார்வர்டில் நுழைந்தார். அவ்வாண்டு நியூயார்க்கில் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றிய கையோடு லிங்கன் மகனைப் பார்க்க எக்ஸெட்டருக்கு வந்தார். ஊர் மண்டபத்தில் சொற்பொழிவும் செய்தார். அடுத்த ஆண்டு அவர் குடியரசுத் தலைவர்! நம் காலத்தில், பேஸ்புக் நிறுவிய மார்க் ஜுக்கர்பெர்க் தம் ஊர்ப் பொதுப் பள்ளிக்கூடத்தில் இரண்டாண்டுகள் படித்துவிட்டுப் பதினோராம் வகுப்பில் எக்ஸெட்டருக்கு மாறியவர். 2002இல் படிப்பை முடித்தார். இவ்வாறான பெயர்களைச் சொல்லித்தான் இப்பள்ளிக்கூடங்கள் மனத்தைக் கவர்கின்றன. பெயர் தெரியாமல் போன நூற்றுக்கணக்கானவர்களும் அதே மேசைகளில் அமர்ந்தவர்கள்தாம் என்பதை நான் பேத்தியிடம் சொல்லி வைத்தேன்.

விண்ணப்ப வேலைகள் பத்தாம் வகுப்பின் செப்டம்பரில் தொடங்குகின்றன. மதிப்பெண் பட்டியல், ஆங்கில ஆசிரியர், கணக்கு ஆசிரியர் இருவரின் பரிந்துரை, நுழைவுத் தேர்வு, மாணவரின் கட்டுரைகள், நேர்முகம் ஆகியவை கேட்கப்படும். சிறு வகுப்பினர் எழுதும் எஸ்.எஸ்.ஏ.டி. தேர்வுக்குப் பதிலாகப் பதினோராம் வகுப்புக்கு வருவோர் பி.எஸ்.ஏ.டி. அல்லது எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணை அனுப்பப் பல இடங்களில் ஒப்புகின்றனர். ஒவ்வோர் ஆண்டும் விதி மாறுவதால் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது. ஆங்கிலவழியில் பயிலாதவருக்கு டோஃபல் போன்ற தேர்வும் உண்டு. பெரும்பாலான இடங்களில் ஜனவரி நடுவில் காலக்கெடு முடிகிறது. மார்ச் 10இல் முடிவு. ஏப்ரல் 10க்குள் நம் பதில்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்நாட்டில் பதினோராம் வகுப்பினரை 'ஜூனியர்' என்பர். ஆனால் ஆண்டோவரில் ஜூனியர் என்றால் ஒன்பதாம் வகுப்பு. பதினோராம் வகுப்பினர் 'அப்பர்' எனப்படுகின்றனர். படிவத்தை நிரப்பும்போது வகுப்பின் எண்ணைப் பார்த்து எழுதுங்கள், பெயரைப் பார்த்து அல்ல.

இவற்றுள் எதுவும் என் மகளைக் கலங்க வைக்கவில்லை. அவளைக் கலங்க வைத்தது பெற்றோர் எழுத வேண்டிய படிவம். 'உங்கள் பிள்ளையைப் பற்றி எங்களுக்குச் சொல்லுங்கள்' என்று அதில் கேட்கின்றனர். அவளுடைய நிறை என்ன, குறை என்ன, எதில் தடுமாறுகிறாள், எப்போது மகிழ்கிறாள்? நம் குடும்பங்களில் சொந்தப் பிள்ளையை நாலுபேர் முன் புகழ்வது வழக்கமில்லை. கண்ணேறு பட்டுவிடும் என்று அஞ்சுவோம். குறையைச் சொல்வதோ, வெளியாரிடம் பிள்ளையைக் காட்டிக் கொடுப்பதாகும்! ஒரு வாரம் அந்தத் தாளில் 'பணிவான பிள்ளை, நன்றாகப் படிப்பாள்' என்ற ஒரு வரிக்கு மேல் எழும்பவில்லை. "வாப்பா, பதினாறு வருசமாக என் கூடவே இருக்கிறாள். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறதே" என்று ஓர் இரவு என்னிடம் சொன்னாள். பிறகு அவள் எழுதியது என்ன தெரியுமா? பேத்தி ஒவ்வொரு ரமளானுக்கு முன்பும் மொட்டை மாடிக்குப் பதிலாகப் பக்கத்துத் திடலுக்குப் போய்த் தொலைநோக்கியோடு பிறை தேடுவதையும், பிறை தென்படாத ஆண்டுகளில் அவள் வீட்டாரோடு சண்டையிடுவதையும் எழுதினாள். பிறைச் சண்டை நம் ஊர்களுக்கு மட்டும் உரியதன்று என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்டன் வீட்டிலும் அது உண்டு. மருமகன் கணக்கீட்டின் கட்சி, பேத்தி கண்ணால் கண்டால்தான் என்னும் கட்சி. "நான் சொல்வதைத் தவிர யார் சொல்வதையும் நம்பமாட்டாள் என்பதே இவள் குறை" என்று என் மகள் எழுதி முடித்தாள். அப்படிவத்தைப் படித்தபோது, தாய் மகளை நன்றாகவே அறிந்திருக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. எக்ஸெட்டரில் வானாய்வுக் கூடம் ஒன்று இருப்பதும், இரவில் மாணவர் அங்கே சென்று வானை நோக்க முடியும் என்பதும் இந்தப் பெண்ணுக்கு இப்பள்ளிக்கூடங்களின்மேல் ஆசை வந்ததற்குக் காரணங்களுள் ஒன்று.

நேர்முகத்தில் மாணவரைத் தனியே அழைத்து அரைமணி நேரம் பேசுகின்றனர். பின்னர் பெற்றோரிடம் பேசுகின்றனர். பதினோராம் வகுப்புக்கு வருபவரிடம் எல்லா இடங்களிலும் சுற்றிவளைத்துக் கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: 'இரண்டே ஆண்டுகளுக்கு ஏன் வருகிறாய்?' எண்ணிப் பாருங்கள். செப்டம்பரில் நுழைகிறாள். ஊரும் தோழியரும் பழகுவதற்குள் பனிக்காலம். அடுத்த செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு; நவம்பர் தொடக்கத்திலும் ஜனவரி தொடக்கத்திலும் பல்கலைக்கழக விண்ணப்பங்கள். அவளுக்குப் பரிந்துரை எழுத வேண்டிய ஆசிரியர்களுக்கு அவளை ஓராண்டுதான் தெரிந்திருக்கும். பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஏணி வைக்கவே இந்த மாற்றம் என்றால், அந்த ஏணி அத்துணை உறுதியானதன்று என்பதே என் எண்ணம். பழைய பள்ளிக்கூடத்தில் முதலாவதாக இருந்த பிள்ளை இங்கே நடுவரிசைக்கு வந்துவிடவும் கூடும். என்ன பதில் சொன்னாய் என்று பேத்தியைக் கேட்டேன். "அது எனக்கும் அவருக்கும் உள்ள பேச்சு, நன்னா" என்று சிரித்துவிட்டாள்.

செலவு? விடுதியோடு ஆண்டுக்கு எழுபதாயிரம் டாலரை ஒட்டி. கேட்டதும் தலை சுற்றத்தான் செய்யும். ஆனால் பெரிய அறக்கட்டளை நிதியுள்ள பள்ளிக்கூடங்கள் குடும்ப வருவாய்க்கேற்ப உதவி வழங்குகின்றன. ஆண்டோவர் 2007 முதல், குடும்பத்தால் கட்டணம் செலுத்த முடியுமா என்பதைப் பாராமலே மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மேற்கொண்டது. அங்கே உதவி கடனாக இல்லாமல் கொடையாகவே தரப்படுகிறது. வட்டிக்கு அஞ்சும் நம் குடும்பங்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். எக்ஸெட்டர் 2007இல் ஆண்டு வருவாய் 75,000 டாலருக்குக் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கட்டணமே வேண்டாம் என அறிவித்தது. பின்னர் அவ்வரம்பு உயர்த்தப்பட்டது. எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இத்துணை வசதி இல்லை. பணம் இல்லாதவரைப் புறக்கணிக்காவிட்டாலும், உதவி நிதி தீர்ந்தபின் 'இடமுண்டு, உதவி இல்லை' என்று சொல்லும் இடங்கள் உண்டு. வெளிநாட்டிலிருந்து மாணவர் விசாவில் வருவோருக்கு ஒரு சொல்: அந்நாட்டுச் சட்டப்படி அத்தகைய மாணவர் அரசுப் பொது உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் படிக்க முடியாது, அதற்கும் முழுச் செலவையும் தாமே செலுத்த வேண்டும். தனியார் பள்ளிக்கூடங்களுக்கு இந்தக் கால வரம்பு கிடையாது.

டீர்ஃபீல்டுக்கு மருமகனே காரோட்டி வந்தார். பாஸ்டனுக்கு மேற்கே ஏறத்தாழ நூறு மைல். கனெக்டிகட் ஆற்றின் செழிப்பான பள்ளத்தாக்கு. ஊரின் ஒரே நெடுந்தெருவில் 18ஆம் நூற்றாண்டு மரவீடுகள் அப்படியே நிற்கின்றன. 1704இல் பிரெஞ்சுப் படையும் பழங்குடிப் படையும் பனிக்கால இரவொன்றில் இவ்வூரைத் தாக்கி, நூற்றுக்கு மேற்பட்டோரைக் கைதிகளாகக் கனடா வரை நடத்திச் சென்றன. அத்தெருவின் நடுவில் 1797இல் உரிமம் பெற்ற பள்ளிக்கூடம். 1902இல் பிராங்க் பாய்டன் என்னும் இளைஞர் தலைமையாசிரியராக வந்தபோது அங்கே பதினான்கு மாணவரே இருந்தனராம். அவர் 1968 வரை, அறுபத்தாறு ஆண்டுகள், அதே பணியில் இருந்தார். தமக்கென ஓர் அறையை வைத்துக்கொள்ளாமல், போகிற வருகிற பிள்ளைகளெல்லாம் கண்ணில் படும்படி நடைக்கூடத்தில் மேசை போட்டு அமர்ந்திருந்தார்! இன்றைய நிர்வாகிகள் இதைக் கேட்டால் நலம்.

ஜோர்தான் மன்னர் இரண்டாம் அப்துல்லாஹ் டீர்ஃபீல்டில் பயின்று 1980இல் வெளியேறியவர். அந்த நினைவு மாறாமல், தம் நாட்டில் மதபா நகருக்கு அருகே அதே மாதிரியில் 'கிங்ஸ் அகாடமி' என்னும் விடுதிப் பள்ளிக்கூடத்தை அமைத்தார். அது 2007இல் திறக்கப்பட்டது. டீர்ஃபீல்டின் தலைவராயிருந்த எரிக் விட்மரையே முதல் தலைவராக அழைத்துக்கொண்டார். மூவாயிரம் மைல் அல்ல, அதனினும் தொலைவில் ஓர் அரபு நாட்டில் இந்தத் தெருவின் சாயல் போய் நிற்கிறது.

டீர்ஃபீல்டில் எனக்கு மிகப் பிடித்தது உணவு முறை. வாரத்தில் பல வேளைகளில் ஆசிரியரும் மாணவரும் ஒதுக்கப்பட்ட மேசைகளில் ஒன்றாக அமர்ந்து உண்கின்றனர், பரிமாறுவதும் மாணவரே. நம் கலியாண வீட்டுச் சஹன் நினைவுக்கு வந்தது. உண்ணும் பொருளைப் பற்றியே என் மகளுக்குக் கவலை. எங்கள் ஐயங்களை அவள் ஒரு தாளில் எழுதி, போன இடமெல்லாம் கேட்டாள். ஹலால் இறைச்சி கிடைக்குமா? சில இடங்களில் கிடைக்கும். சில இடங்களில் மீனும் காய்கறியும்தான். ரமளானில் ஸஹருக்கு உணவு? முன்னாடியே சொன்னால் எடுத்துவைத்துக்கொள்ள ஏற்பாடு செய்வோம் என்றனர். ஜும்ஆ வேளையில் வகுப்பு உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் ஒவ்வோரிடத்திலும் வெவ்வேறு பதில். எபிஸ்கோப்பல் திருச்சபை வழியில் தோன்றிய பள்ளிக்கூடங்கள் சிலவற்றில் காலைக் கூட்டம் தேவாலயத்தில் நடைபெறுகிறது. எல்லா மதத்து மாணவரும் வந்து அமர வேண்டும். அங்கே என்ன ஓதப்படுகிறது, என்ன பேசப்படுகிறது என்பதை ஒருநாள் நேரில் கண்டு முடிவு செய்வதே முறை. ஒரு விடுதி அறையில் பேத்தி தன் கைக்கருவியில் கிப்லாவைப் பார்த்தாள். மேற்கு நோக்கித் தொழுதே பழகிய எனக்கு, அங்கே கிப்லா வடகிழக்கு என்பது எத்தனை முறை கேட்டாலும் புதுமையாகவே இருக்கிறது.

தாளின் கடைசிக் கேள்வியை என் மகள் தாழ்ந்த குரலில் கேட்டாள். 2016இல் 'பாஸ்டன் குளோப்' நாளிதழ், நியூ இங்கிலாந்தின் தனியார் பள்ளிக்கூடங்களில் பல்லாண்டுகளாக மாணவர்மீது ஆசிரியரும் ஊழியரும் இழைத்த பாலியல் கொடுமைகளை வரிசையாக வெளிக்கொணர்ந்தது. அறுபதுக்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் அச்செய்திகளில் இடம்பெற்றன. புகழ்பெற்ற பல பெயர்கள் தாமே வழக்கறிஞரை நியமித்து விசாரித்து அறிக்கை வெளியிட நேர்ந்தது. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். 'என் பிள்ளைக்கு நடு இரவில் ஒன்று நேர்ந்தால் யாரிடம் போவாள்? அவர் எங்கே தங்குகிறார்? உங்கள் நிர்வாகத்துக்கு வெளியே யாரிடம் முறையிடலாம்?' என்று கேட்டாள். நாங்கள் போன இடங்களுள் ஓரிடத்தில் முகம் சுளித்துப் பேச்சை மாற்றினர். இன்னோரிடத்தில், விடுதியிலேயே குடும்பத்தோடு வாழும் ஆசிரியை ஒருவரை உடனே அழைத்து வந்து உட்கார வைத்தனர். அந்த அம்மையார் ஒரு மணி நேரம் பேசினார். மாணவ, மாணவியர் ஒருவர் விடுதிக்கு மற்றவர் செல்லும் விதிகளைக்கூட ஒளிக்காமல் சொன்னார். கேட்டதெல்லாம் என் மகளுக்கு உவப்பாக இருக்கவில்லை. ஆயினும் காரில் திரும்பும்போது, "அந்தம்மா பொய் சொல்லவில்லை" என்றாள்.

நம் ஊர்களில் பிள்ளைகளை ஓதுவதற்காக மதரஸாவில் விட்டுவருவது புதிதன்று. பத்து வயதுப் பையனை ரயிலேற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட உம்மாமார் எத்தனையோ பேர். ஆனால் அங்கே நாம் அறிந்த உலகுக்குள்ளேயே அனுப்புகிறோம். இங்கே அனுப்பும் உலகை நாம் அறியோம். பெண் பிள்ளை வேறு. மருமகனின் தாயார் தொலைபேசியில் மூன்று முறை அழைத்து, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2025 மார்ச் 10, ரமளானின் முதற்பத்தில் ஒரு நாள். நான் அதற்குள் ஊர் திரும்பியிருந்தேன். செய்தி தொலைபேசியில் வந்தது. மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஓரிடம் மறுத்தது. ஓரிடம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தது. பதினோராம் வகுப்புக்கு அப்பட்டியல் அசைவது அரிது. மூன்றாவது இடம் உதவித்தொகையோடு ஏற்றுக்கொண்டது, ஆனால் பத்தாம் வகுப்பில்! பதினோராம் வகுப்பில் இடமில்லாவிட்டால் பத்தாம் வகுப்புக்குப் பரிசீலிக்கலாமா என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்ததற்குப் பேத்தி 'ஆம்' என்று குறித்திருந்தாளாம். அந்நாட்டு விடுதிப் பள்ளிக்கூடங்களில் வகுப்பைத் திரும்பப் படிப்பது சாதாரணம். அதை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. விளையாட்டு வீரர் படிக்கின்றனர், வெளிநாட்டார் படிக்கின்றனர், இரண்டாண்டுக்குப் பதில் மூன்றாண்டு கிடைக்கிறதே என்று மகிழ்ந்து சேர்வோரும் உண்டு.

நம் வீட்டில் அவ்வாறு எடுத்துக்கொள்ள முடியுமா? "பெயிலான பிள்ளைபோல் மறுபடியும் பத்தாவதா? ஊரில் கேட்டால் என்ன சொல்வது?" என்று என் மகள் அழுதாள். மருமகன் மூன்றாண்டுச் செலவைக் கணக்கிட்டார். உதவி போக மீதம் அவர்களால் தாங்கக்கூடியதே, இரண்டாவது பிள்ளைக்கென்று வைத்திருந்ததைத் தொடாமல் முடியாது என்றாலும். பேத்தி யாரிடமும் வாதாடவில்லை. பெருநாள் கழிந்து ஒரு வாரம் அவள் ஒன்றுமே பேசவில்லையாம். பிறகு என்னை அழைத்தாள். "நன்னா, இரண்டு வருசம் என்றால் வந்ததும் புறப்படுகிற மாதிரி. மூன்று வருசம் என்றால் இருக்கிற மாதிரி. உம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். நீங்கள் துஆ மட்டும் செய்யுங்கள்" என்றாள். நான் சொல்லவில்லை. அவள் என்ன சொன்னாள், தாயும் மகளும் அன்றிரவு என்ன பேசினார்கள் என்பதை இதுவரை இருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஏப்ரல் 9ஆம் தேதி, காலக்கெடுவுக்கு ஒரு நாள் முன், பெற்றோர் இருவரும் ஒப்பமிட்டனர். கோடையில் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியல் வந்தது. அங்கே விடுதிக் கட்டில்கள் வீட்டுக் கட்டிலைவிட நீளமானவை. அதற்கென்று தனி அளவில் விரிப்பு வாங்க வேண்டும். என் மகள் மூன்று கடை ஏறி இறங்கி, கிடைத்தது எதுவும் பிடிக்காமல், ஊரிலிருந்து சுங்குடித் துணி அனுப்பச் சொல்லிக் கேட்டாள். இரண்டு அனுப்பினேன்.